இணையாதிருப்பதும் நன்மையே



கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். தனிமரம் தோப்பாகாது என்பதும் அவர்கள் வாக்குத்தான். தோட்டப்புறத்தில் வாழும் நமக்கு இதன் உண்மையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சங்கமாகக் கூடியதால் நம் குரல் கேட்கப்பட்டது. மாதம் சில வெள்ளியாகச் சேர்த்ததால், 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வளர்ந்து, தோட்டங்களையே விலைக்கு வாங்கியது.

ஆனால் அதே பெரியோர்தாம், ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்றும் சொன்னார்கள். எங்கே கூடுவது, எங்கே கூடாமல் இருப்பது என்று பகுத்தறிவதே அறிவுடைமை. தொழில்நுட்ப நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைவதைப் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. அவற்றுள் சில இணையாமல் இருப்பதே நல்லது என்று சொல்கிறார்களே, அது ஏன்? இதைத்தான் இன்று நாம் சிந்திக்க இருக்கிறோம்.

"கம்பெனிகள் சேர்ந்தால் என்ன, பிரிந்தால் என்ன? விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிற நமக்கு அதில் என்ன வந்தது?" என்று சிலர் கேட்கலாம். நமக்கு மூன்று வகையில் தொடர்பு உண்டு.

முதலாவது, நம் கையிலிருக்கும் கைத்தொலைபேசி. கிள்ளானில் வேலை செய்யும் மகன் வீட்டுக்குப் பேசுவதும், பிள்ளைகள் பாடம் படிப்பதும் அதில்தான். அதற்கு மாதந்தோறும் நாம் பணம் கட்டுகிறோம். இரண்டாவது, நம் சேமநிதி. ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் பிடிக்கப்படும் பணத்தை ஊழியர் சேமநிதி வாரியம் பல நிறுவனங்களின் பங்குகளில் போட்டு வைக்கிறது. டெலிகோம், ஆக்சியாத்தா போன்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களும் அவற்றுள் அடங்கும். ஆகவே நாம் வெறும் வாடிக்கையாளர்கள் அல்லோம். அறியாமலேயே சிறு முதலாளிகளும் ஆவோம். மூன்றாவது, நம் பிள்ளைகளின் வேலை. இன்று கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் பூச்சோங்கிலும் உள்ள இத்தகைய நிறுவனங்களில் நம் பிள்ளைகள் வேலைக்குச் சேர்கிறார்கள். இரண்டு அலுவலகம் ஒன்றானால் எத்தனை நாற்காலி மிஞ்சும் என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வி.

முதலில், நிறுவனங்கள் ஏன் இணைகின்றன என்பதைப் பார்ப்போம். ஒரு குன்றின்மேல் இரண்டு தொலைபேசி நிறுவனங்கள் ஆளுக்கொரு கோபுரம் கட்டியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் மின்சாரக் கட்டணம், இரண்டுக்கும் நில வாடகை, இரண்டுக்கும் பழுது பார்க்கும் ஆட்கள். இரண்டு நிறுவனமும் ஒன்றானால் ஒரு கோபுரம் போதும். மிச்சமாகும் செலவு இலாபமாகும். இக்கணக்கில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் மிச்சமான பணம், கோபுரமே இல்லாத தோட்டத்திற்குப் புதுக் கோபுரமாக வந்து சேருமா, அல்லது பங்குதாரர் கைக்குப் போய்விடுமா என்பது வேறு கணக்கு. கூட்டல் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் இந்த இரண்டாவது கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

தோட்ட மக்களாகிய நமக்கு இணைப்பு என்பது புதிய செய்தியும் அன்று. 2007ஆம் ஆண்டில் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் என்ற மூன்று பெரிய குழுமங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. நாடெங்கும் தோட்ட வாயில்களில் பெயர்ப் பலகைகள் மாறின. சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 2017ஆம் ஆண்டில், அந்தப் பெருங்குழுமமே தோட்டத் தொழில் ஒன்று, வீடமைப்பு நிலத் தொழில் ஒன்று, இயந்திரமும் வாகனமும் விற்கும் தொழில் ஒன்று என மூன்றாகப் பிரிந்தது. தோட்ட நிறுவனம் 2024ஆம் ஆண்டில் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. பழைய பெயரில் ஒரு பாதி திரும்பி வந்துவிட்டது! தோட்டங்கள் தோட்டங்களோடு சேர்ந்தது நிலைத்தது. செம்பனையும் மோட்டார் வண்டியும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தது நிலைக்கவில்லை. ஒரே வகைத் தொழில்கள் கூடுவது வேறு, குணம் வேறான தொழில்களை ஒன்றாகக் கட்டி வைப்பது வேறு என்பதற்கு இது நம் கண்முன் உள்ள சான்று.

இதே பாடத்தை நம் நாட்டுத் தொலைபேசித் தொழிலும் கற்றது. அரசாங்க இலாகாவாக இருந்த தொலைத்தொடர்பு 1987ஆம் ஆண்டில் நிறுவனமாக்கப்பட்டு, பின்னர் டெலிகோம் மலேசியா ஆயிற்று. 2003ஆம் ஆண்டில் அது செல்கோம் என்னும் கைத்தொலைபேசி நிறுவனத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. வீட்டுத் தொலைபேசியும் கைத்தொலைபேசியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் வசதிதானே என்று எவருக்கும் தோன்றும். ஆனால் இரண்டின் போக்கும் வேறு. கம்பித் தொலைபேசி என்பது மண்ணைத் தோண்டி, குழாய் பதித்து, வீடு வீடாக இழுத்து, பல ஆண்டு காத்திருந்து பணம் எடுக்கும் தொழில். கைத்தொலைபேசியோ வேகமாக ஓடும் தொழில். இலங்கையில் டயலோக், இந்தோனேசியாவில் எக்ஸ்.எல். என்று நாடு கடந்து அது பரவிக்கொண்டிருந்தது. ஒரே வண்டியில் எருதையும் குதிரையையும் பூட்டினால் எப்படி இருக்கும்? எருதும் நல்ல பிராணி, குதிரையும் நல்ல பிராணி. ஆனால் நடை ஒத்துவராது.

ஆகவே 2008ஆம் ஆண்டில் இரண்டையும் பிரித்தார்கள். கைத்தொலைபேசித் தொழிலும் வெளிநாட்டுத் தொழிலும் தனி நிறுவனமாகி, 2009இல் ஆக்சியாத்தா என்று பெயர் பெற்றது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில், கே.எல். சென்ட்ரல் நிலையத்திற்கு அருகே அந்தப் பெயரைத் தாங்கிய கட்டடத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். டெலிகோமோ, அரசாங்கத்தோடு சேர்ந்து 1,130 கோடி ரிங்கிட் திட்டத்தில், அதில் அரசாங்கத்தின் பங்கு 240 கோடி, அதிவேக இணையக் கம்பி இழுக்கும் வேலையில் இறங்கி, 2010இல் யூனிஃபை சேவையைத் தொடங்கியது. இரண்டும் தத்தம் வழியில் நடந்தன.

பிரிவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை நாம் மறைக்கக் கூடாது. கைத்தொலைபேசி இல்லாமல் போன டெலிகோம், 2014ஆம் ஆண்டில் வேறொரு நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கித்தான் அத்துறைக்குள் மீண்டும் நுழைய வேண்டியிருந்தது. ஆகையால் சேர்வதா பிரிவதா என்பதில் எக்காலத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. எதை எதோடு, எந்த நிபந்தனையில் சேர்க்கிறோம் என்பதே கேள்வி.

நேயர்களே, இனி இணைவது தீமையாக முடியும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற்காரணம், கருவிகள் ஒத்துவராமை. பால் ஸ்டோரில் செம்பனைப் பழத்தைப் பிழிய முடியுமா? முடியாது. இரண்டும் தோட்டத் தொழில்தான் என்றாலும் இயந்திரம் வேறு. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டில் ஸ்பிரிண்ட் என்ற தொலைபேசி நிறுவனம் நெக்ஸ்டெல் என்ற நிறுவனத்தை ஏறத்தாழ 3,500 கோடி டாலருக்கு வாங்கி இணைத்துக்கொண்டது. நெக்ஸ்டெல் தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தியவுடன் பேசலாம்; கட்டடத் தொழிலாளர்களும் லாரி ஓட்டுநர்களும் அதை விரும்பி வாங்கினார்கள். ஆனால் இரண்டு நிறுவனங்களின் அலைத் தொழில்நுட்பமும் வேறு வேறு. ஒன்றின் தொலைபேசி மற்றதன் கோபுரத்தோடு பேசாது. பெயர் ஒன்றானதே தவிர, கோபுரங்கள் இரண்டாகவே நின்றன. இரண்டையும் பராமரிக்கும் செலவு கூடியது, சேவை கெட்டது, வாடிக்கையாளர்கள் விலகினார்கள். 2008ஆம் ஆண்டு தொடக்கத்தில், கொடுத்த விலையில் ஏறத்தாழ 3,000 கோடி டாலர் மதிப்பு போய்விட்டது என்று அந்நிறுவனமே தன் கணக்கில் எழுதியது. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் நெக்ஸ்டெல் கட்டமைப்பை அடியோடு அணைத்துவிட்டார்கள். வாங்கிய பசுவை எட்டே ஆண்டில் புதைத்ததுபோல் ஆயிற்று.

இரண்டாவது காரணம், கடன். கடன் மூட்டையோடு கடன் மூட்டையைச் சேர்த்தால் பெரிய கடன் மூட்டைதான் கிடைக்கும். தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்களுக்கு ஏர்செல் என்ற பெயர் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் வேரூன்றிய அந்நிறுவனத்தின் பெரும்பங்கை 2006ஆம் ஆண்டில் நம் நாட்டு மேக்சிஸ் வாங்கியது. மேக்சிஸை உருவாக்கிய ஆனந்த கிருஷ்ணன் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து, அங்கே தமிழ்ப்பள்ளியில் படித்தவர். 2024ஆம் ஆண்டில் மறைந்தார். இந்தியாவில் 2016ஆம் ஆண்டில் ஜியோ நிறுவனம் மிகக் குறைந்த விலையோடு சந்தைக்குள் புகுந்தபோது மற்ற நிறுவனங்கள் திணறின. அப்போது ஏர்செல்லும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் என்ற மற்றொரு நிறுவனமும் கைத்தொலைபேசித் தொழிலை இணைக்க ஒப்பந்தம் செய்தன. இரண்டுக்குமே பெருங்கடன். 2017ஆம் ஆண்டு அக்டோபரில் அந்த ஒப்பந்தம் முறிந்தது. 2018ஆம் ஆண்டில் ஏர்செல் நொடிப்பு நிலை அடைந்தது. சேவை நின்றுபோய் தமிழ்நாட்டில் மக்கள் வேறு நிறுவனத்துக்கு மாற அலைமோதினார்கள். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் பின்னர் நொடித்தது. இணையாததால் ஏர்செல் விழுந்தது என்று சிலர் சொல்லலாம். ஆனால் நீந்தத் தெரியாத இருவர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டால் இருவரும் கரை சேர்வார்களா என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

அதற்கு விடைபோல் இன்னொரு கதை உண்டு. அதே இந்தியாவில் வோடபோனும் ஐடியாவும் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் உண்மையாகவே இணைந்தன. இணைந்த அன்று அதற்கு 40 கோடிக்கு மேல் வாடிக்கையாளர்கள், இந்தியாவிலேயே முதலிடம். ஆனால் விலைப் போட்டி ஓயவில்லை. அரசுக்குச் செலுத்த வேண்டிய பெரும்பாக்கியைக் கட்டியே தீரவேண்டும் என்று 2019ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டில் வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. கட்ட முடியாத பாக்கியைப் பங்குகளாக மாற்றிக்கொண்டதால், இந்திய அரசாங்கம் ஏறத்தாழ 49 விழுக்காட்டுப் பங்குக்கு உரியதாயிற்று. இதற்கு இணைப்பு ஒன்றே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் முதலிடம் என்ற பெருமை நோய்க்கு மருந்தாகவில்லை என்பது தெளிவு.

மூன்றாவது காரணம், பொதுக் கிணறு ஒருவர் வேலிக்குள் போய்விடுவது. பல தோட்டங்களுக்குக் கன்று கொடுக்கும் நாற்றுப்பண்ணை ஒன்று இருக்கிறது. அதை ஒரே ஒரு தோட்டம் வாங்கிவிட்டால் மற்றத் தோட்டங்கள் நிம்மதியாக இருக்குமா? நல்ல கன்று அவர்களுக்கு, மீந்தது நமக்கு என்று ஆகிவிடாதா? ஆர்ம் என்று இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் உண்டு. கைத்தொலைபேசிக்குள் இருக்கும் சில்லு எப்படி இயங்க வேண்டும் என்ற வரைபடத்தை உருவாக்கி, கேட்பவர்க்கெல்லாம் உரிமக் கட்டணத்திற்குக் கொடுப்பது அதன் தொழில். 2020ஆம் ஆண்டு செப்டம்பரில், அந்த வரைபடத்தைப் பயன்படுத்துவோரில் ஒன்றான என்விடியா நிறுவனம், 4,000 கோடி டாலருக்கு ஆர்மை வாங்கப்போவதாக அறிவித்தது. மற்ற வாடிக்கையாளர்கள் அஞ்சினார்கள். அமெரிக்க வணிக ஆணையம் 2021ஆம் ஆண்டு டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் இரு தரப்பும் திட்டத்தைக் கைவிட்டன.

பிறகு என்ன நடந்தது? ஆர்ம் அழிந்துவிடவில்லை. 2023ஆம் ஆண்டில் பங்குச் சந்தையில் இடம் பெற்றது. என்விடியாவும் அழியவில்லை, உலகிலேயே மதிப்பு மிகுந்த நிறுவனங்களுள் ஒன்றாக உயர்ந்தது. 2025ஆம் ஆண்டு மார்ச்சில் நம் மலேசிய அரசாங்கம், பத்து ஆண்டுகளில் 25 கோடி டாலர் செலுத்தி, ஆர்மின் வரைபடங்களையும் பயிற்சியையும் பெற ஒப்பந்தம் செய்தது. பூச்சோங்கில் சில்லு வடிவமைப்புப் பூங்கா 2024ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டுவிட்டது. கிணறு பொதுவாக இருந்ததால் நாமும் வாளியோடு போய் வரிசையில் நிற்க முடிந்தது. கணிதமும் அறிவியலும் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு இதைவிட அண்மையான செய்தி வேறென்ன வேண்டும்?

நான்காவது காரணம், போட்டி மறைவது. தோட்டத்து வாசலில் இரண்டு மளிகைக் கடை இருந்தபோது அரிசி என்ன விலை, ஒரே கடையானபின் என்ன விலை என்று நம் தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள். 2018ஆம் ஆண்டு மார்ச்சில், ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, அதற்கு ஈடாகக் கிராபில் 27.5 விழுக்காட்டுப் பங்கைப் பெற்றது. கிராப் நம் நாட்டில் 2012ஆம் ஆண்டில் மைதெக்சி என்ற பெயரில் பிறந்த நிறுவனம் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆயினும் அதுவரை இரண்டு நிறுவனங்களும் ஓட்டுநர்களை இழுக்க ஊக்கத்தொகையும், பயணிகளை இழுக்கக் கழிவும் கொடுத்துக்கொண்டிருந்தன. ஒன்று போனதும் மற்றதற்கு அந்த அவசரம் எங்கே இருக்கும்? சிங்கப்பூர் போட்டி ஆணையம் அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டுக்கும் சேர்த்து 1 கோடியே 30 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. நம் நாட்டுப் போட்டிச் சட்டத்தில் அப்போது இத்தகைய இணைப்பை முன்கூட்டியே தடுக்கும் பொதுவிதி இல்லை. ஆகவே 2019ஆம் ஆண்டு அக்டோபரில், போட்டி நிறுவனங்களின் விளம்பரத்தை ஓட்டுநர்கள் ஏற்கக் கூடாது என்று கிராப் விதித்த கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டு, 8 கோடியே 67 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் அபராதம் விதிக்க மலேசியப் போட்டி ஆணையம் முன்மொழிந்தது. தோட்டம் துண்டாடப்பட்டபின் கிள்ளானுக்கும் காப்பாருக்கும் குடிபெயர்ந்து, தவணையில் கார் வாங்கி ஓட்டும் நம் இளைஞர்களுக்கு, போக இரண்டு கடை இருப்பதும் ஒரே கடை இருப்பதும் மாதத் தவணை கட்ட முடிவதையும் முடியாததையும் முடிவு செய்யும் செய்தியாகும்.

இனி, இணையாமல் விட்டதால் நன்மை விளைந்த நம் நாட்டுச் செய்தி ஒன்றைச் சொல்வோம். 2019ஆம் ஆண்டு மே மாதம், ஆக்சியாத்தாவும் நார்வே நாட்டின் டெலினோரும் தங்கள் ஆசியத் தொழில்களை இணைக்கப் பேச்சுவார்த்தை நடத்துவதாக அறிவித்தன. அப்போது டெலினோர்தான் நம் நாட்டில் டிஜி நிறுவனத்தின் பெரும்பங்குதாரராக இருந்தது. ஒன்பது நாடுகள், ஏறத்தாழ 30 கோடி வாடிக்கையாளர்கள், டெலினோருக்கு 56.5 விழுக்காடு, ஆக்சியாத்தாவுக்கு 43.5 விழுக்காடு என்று கணக்குப் போட்டார்கள். கேட்பதற்கே பிரமிப்பாக இருந்தது. ஆனால் ஒன்பது நாட்டிலும் ஒன்பது சட்டம், ஒன்பது ஒழுங்குமுறை அமைப்பு. வங்காளதேசத்தில் இரண்டு குழுமங்களின் நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று நேர் போட்டி. ஒன்றில் நார்வே அரசுக்குப் பெரும்பங்கு. மற்றதில் நம் கசானா நிறுவனமே பெரிய பங்குதாரர். நான்கு மாதங்கள் பேசிவிட்டு, 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், சிக்கல்கள் மிகுதி என்று கூறி இரு தரப்பும் பேச்சை நிறுத்திக்கொண்டன.

அன்று இது தோல்வி என்று பலர் எழுதினார்கள். நாம் சற்று நிதானமாகப் பார்ப்போம். பெண் பார்த்துவிட்டு, பொருத்தம் இல்லை என்று கௌரவமாக எழுந்து வருவது, தாலி கட்டியபின் வழக்காடுவதைவிட எவ்வளவோ மேல். பேச்சு நின்றதால் இரண்டு பக்கமும் வாசல் திறந்தே இருந்தது. பிறகு 2021ஆம் ஆண்டில் அதே இருவர், ஒன்பது நாட்டை விட்டுவிட்டு, மலேசியாவில் உள்ள செல்கோமையும் டிஜியையும் மட்டும் இணைக்க முன்வந்தார்கள். இம்முறை ஆளுக்கு 33.1 விழுக்காடு, சரிசமம். ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே வகைத் தொழில். போட்டி குறையுமே என்று தொடர்பு பல்லூடக ஆணையம் கேள்வி எழுப்பியது. கையிலிருந்த அலைக்கற்றையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது, சிறு நிறுவனங்களுக்குக் கட்டமைப்பை வாடகைக்கு விடும் பிரிவைத் தனியாக நடத்துவது போன்ற உறுதிமொழிகளைப் பெற்றுக்கொண்டு, 2022ஆம் ஆண்டு ஜூனில் ஆட்சேபம் இல்லை என்று அறிவித்தது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் செல்கோம்டிஜி பிறந்தது. பெரிய இணைப்பு நின்றதால்தான், அளவான, நிபந்தனைக்குட்பட்ட இணைப்பு சாத்தியமாயிற்று. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கே, பிறகு தக்க இடத்தில் சரி என்று சொல்லும் வாய்ப்பும் கிடைக்கிறது.

நாட்டில் பெரிய கைத்தொலைபேசி நிறுவனம் ஒன்று குறைந்ததும் உண்மை. இதன் முழு நன்மை தீமையை இனிவரும் ஆண்டுகள் காட்டும். அதைக் கவனிக்கும் பொறுப்பு நமக்கும் உண்டு.

அன்பு நேயர்களே, இனி ஏதேனும் இரு நிறுவனங்கள் இணையப்போவதாகச் செய்தி கேட்டால், நாம் ஐந்து கேள்விகளைக் கேட்போம். இரண்டின் தொழிலும் கருவியும் ஒரே வகைதானா? இரண்டில் எதற்குக் கடன் அதிகம், அதை யார் கட்டப்போகிறார்? இணைந்தபின் வாடிக்கையாளர் போக வேறு கடை இருக்குமா? வேலை செய்பவர்களுக்கு எழுத்தில் என்ன உறுதி தரப்பட்டிருக்கிறது? மிச்சமாகும் பணத்தில் நம் தோட்டத்துப் பக்கம் என்ன வரும்? இந்த ஐந்துக்கும் தெளிவான விடை இல்லையென்றால், அந்த நிறுவனங்கள் தனித்தனியே இருப்பதே எல்லாருக்கும் நல்லது.

நம் வீட்டளவிலும் செய்யக்கூடியவை உண்டு. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. சேவை மோசமானால் பொறுத்துக்கொண்டு இருக்காமல் அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டும். போக வேறு கடை இருக்கும்வரைதான் அந்த உரிமைக்குப் பொருள் உண்டு என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். ஒரே வீட்டில் நான்கு கைத்தொலைபேசி இருந்தால் இரண்டேனும் வேறு நிறுவனத்தின் சேவையாக இருக்கட்டும். ஒன்றின் கோபுரம் பழுதானாலும் மற்றது உதவும். கார் ஓட்டிப் பிழைக்கும் பிள்ளைகள், சட்டம் இடம் தரும் அளவில், ஒரே நிறுவனத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தோட்டத்தில் அலை கிடைக்காவிட்டால் தலைவர்கள் வழியாகவும் நேரடியாகவும் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். ஒருவர் எழுதினால் கடிதம். ஒரு லயமே எழுதினால் அது கோரிக்கை.

நிறுவனங்கள் கூடுவதைப் பற்றி நாம் தயங்கலாம். மக்கள் கூடுவதில் தயக்கம் தேவையில்லை. தோட்டப் பள்ளிகளில் பாடம் சொல்லும் நாங்கள், கூட்டல் கணக்கைக் கற்றுக் கொடுத்த கையோடு கழித்தல் கணக்கையும் கற்றுக் கொடுக்கிறோம். பெரிய எண்களைக் கண்டு மயங்காமல், கூட்டியபின் எது கழிந்தது என்று பார்க்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கும் வரட்டும், நமக்கும் வரட்டும்.